கோச்சடை முகவரி

எங்கள் பிரிவில் யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை. மதுரை நகரத்தில் ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, அதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவோம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மருந்துக் கிடங்குக்கு அடுத்த அறை எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தபோது, என் மனைவியின் உறவினர்களில் பாதிப் பேர் நான் ஊசி போடுகிறவன் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள்.

பிரிவின் தலைவர் ஒரு பெண் மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார், மதியத்துக்கு மேல் எங்கள் அறைக்கு வந்து எண்களைப் பார்ப்பார். வெளிவேலைகளைச் செய்தவர் என்னைவிடச் சில வயது மூத்த ஒரு பெண். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்காதான். என்னை மட்டும் 'சார்' என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லில் மரியாதையும் கேலியும் சரிபாதி கலந்திருக்கும்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் ஆஸ்பத்திரிகள், பரிசோதனைக் கூடங்கள், ஸ்கேன் நிலையங்கள் எல்லாவற்றிலிருந்தும் பெயர்கள் வரும். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளிலிருந்தும் வரும். ஆனால் இறப்புப் பதிவில் புற்றுநோய் என்ற சொல் அபூர்வமாகத்தான் இருக்கும். மாரடைப்பு, மூச்சுத்திணறல், வயோதிகம் என்றுதான் வீட்டார் எழுதச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருப்பாள், அல்லது பேத்தி இருப்பாள். "நம்ம ஊர்ல கேன்சர்ல யாரும் சாகறதில்ல. எல்லாருக்கும் நெஞ்சு மட்டும்தான் நின்னுபோகுது" என்பார் டாக்டர். அப்படிக் காணாமல் போன மரணங்களை வீடு வீடாகப் போய்த் தேடிக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. இல்லாவிட்டால், மதுரையில் புற்றுநோய் வருகிறது ஆனால் கொல்வதில்லை என்று உலகம் நம்பிவிடும்.

அக்கா சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை போகமாட்டார். அதற்குப் பிறகும் செவ்வாய், வெள்ளியில் போகமாட்டார். ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட பையைத் தூக்கமாட்டார். ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பைதான். தெருமுனை டீக்கடையில், "யாருக்குப் பத்திரிக்கை வைக்கப் போறீக?" என்று கேட்பார்கள். "நல்ல எடம் இருந்தாச் சொல்லுங்கண்ணே, வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். வாசலில் நின்று, நோயாளி இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று அக்கா கேட்டதே இல்லை. உட்காருவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், பிறகு, "வீட்ல இப்ப யாரெல்லாம் மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பார். கேள்வியைக் கேட்டதும் அந்த வீட்டார் யாரை நினைத்துக்கொள்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்துவிடும். மீதி தானாக வரும்.

எங்களுக்குப் பெரிய தொல்லை முகவரி. சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தால், மதுரையில் இருக்கும் மாமா, சித்தப்பா வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார்கள். ஊர்ப்பெயரைச் சொன்னால் ரிப்போர்ட் வந்து சேராது என்ற பயம் ஒன்று. ஊருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் முதல் ஊர்த்தலைவர் வரை படித்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. எங்கள் கணக்கோ நகரத்து மக்களுக்கானது. நகரத்தின் நோயாளிகளை நகரத்தின் மக்கள்தொகையால் வகுக்கிறோம். வாடிப்பட்டிக்காரர் ஒருவர் அந்தக் கணக்குக்குள் நுழைந்தால், மதுரைக்காரருக்கு இல்லாத நோயை மதுரையின் தலையில் ஏற்றியவர்களாவோம். அதனால் நோய் தெரியவந்தபோது ஒரு வருடமாவது மாநகராட்சி எல்லைக்குள் குடியிருந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் அப்போது அந்த எல்லைக்கு வெளியே இருந்த நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். "பாத்து சார், உங்களுக்கே வந்தாலும் நம்ம கணக்குல ஏறாது. வீணாப் போயிரும்" என்பார் அக்கா.

ஓர் ஆடி மாதத்தில், கோச்சடை முகவரி கொடுத்திருந்த ஒரு பெண்ணின் விவரம் வந்தது. நாற்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. வைகாசியில் மார்பில் கட்டியோடு வந்திருக்கிறார். சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. முடிவை வாங்கிப் போனவர் அண்ணன். அந்த நாளில் எந்த ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம். முடிவைக் கூட வந்த ஆணிடம் சொல்வார்கள். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். அதன் பிறகு அந்தப் பெண் வரவில்லை.

அக்கா கோச்சடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். அந்த முகவரியில் ஒரு மாவு மில் இருந்தது. பின்னால் வீடு. மில்காரர் வாசலிலேயே, "அட்ரஸ் தப்பு" என்று அனுப்பிவிட்டாராம்.

"தப்புன்னா தப்பு, அடிச்சிருவோம்" என்றேன்.

"தப்பான அட்ரஸ்னா, யாரு என்னன்னு முழுசாக் கேட்டுட்டுத்தான சார் சொல்லணும்? நான் பேரச் சொல்றதுக்கு முந்தி தப்புன்னுட்டாரு" என்றார் அக்கா. பிறகு, "நாளைக்கு நீங்களும் வாங்க. எப்பவும் பேப்பரத்தான பாக்குறீங்க, ஒருதரம் வீட்டையும் பாருங்க" என்றார்.

மறுநாள் அவர் மஞ்சள் பையில் கோதுமை கொண்டுவந்திருந்தார்.

மில்காரருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். புருவம், காது மயிர், சட்டைப்பை எல்லாம் மாவு. அக்காவைப் பார்த்ததும் அவர் பார்வை பின்பக்கக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

"அட்ரஸ் தப்புன்னு நேத்தே சொன்னேனே மேடம்."

"நான் அட்ரஸ் கேக்க வரலண்ணே. கோதுமை அரைக்க வந்தேன்."

அவர் பையைப் பார்த்தார். பிறகு வாங்கிக் கொட்டி, சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடத் தொடங்கி, அறை முழுக்க இரைச்சல் நிறைந்தது. அப்போதுதான் அவர் எங்கள் பக்கமாகக் குனிந்து, வாயைக் காதுக்கருகே கொண்டுவந்து, பேசத் தொடங்கினார்.

"எந்தங்கச்சிதான். ஊரு வாடிப்பட்டிக்கு அங்கிட்டு. இந்த அட்ரஸக் குடுத்தது நான்தான்."

"இங்க வந்து தங்குவாங்களா?"

"ஒரு ராத்திரி தங்கமாட்டா. மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறதும்பா."

எங்கள் வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. நகரவாசி இல்லை, கணக்கில் இல்லை. நான் பேனாவை மூடினேன். அக்கா நகரவில்லை.

"அப்பறம் ஏண்ணே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல?"

கோதுமை அரைபட்டு முடிந்திருந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. விழுந்த மாவை அள்ளி மறுபடியும் மேலே கொட்டினார்.

"ஆவணில அவ மகனுக்கும் எம்பொண்ணுக்கும் கல்யாணம். மொறைப் பொண்ணு. எங்கப்பன் இருக்கும்போதே பேசி வச்சது. கேன்சருன்னு தெரிஞ்சா எம்பொண்டாட்டி பொண்ணு குடுப்பாளா? ரத்தத்துல ஓடுற நோவும்பா. அதான் தங்கச்சிகிட்டயும் சொல்லல. சும்மா கொழுப்புக்கட்டி, கல்யாணம் முடிஞ்சு எடுத்துக்கிருவோம்னுட்டேன். தகப்பன் இல்லாத பய. அவன் கல்யாணத்த அவ நிம்மதியாப் பாக்கட்டும் மேடம்."

"ஆவணி முடிஞ்சதும் கூட்டிட்டு வருவீங்க."

"முடிஞ்சதும்... மறுவீடு இருக்கு. அப்பறம் தலைத்தீபாவளி வந்துரும்..."

"தலைப்பொங்கல விட்டுட்டீங்களேண்ணே."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் இரைச்சலை மீறி வந்தது: "இன்னுமா அந்தக் கோதுமை அரையல?"

"கல்லு சரியில்ல!" என்று கத்தினார் அவர்.

அன்று மதியம் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அந்தப் பெயரைக் குறுக்குக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'நகரவாசி அல்ல' என்று எழுதினார். அதில் தவறொன்றும் இல்லை. அக்காவும் தலையாட்டினார். பிறகு, "நாளைக்கு எனக்கு லீவு வேணும் மேடம்" என்றார்.

"எதுக்கு?"

"வாடிப்பட்டிப் பக்கம் போறேன். நம்ம வேலையா இல்ல, சொந்த வேலையா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நோயாளிகிட்ட நோயச் சொல்ற அதிகாரம் நமக்குக் கெடையாது. வைத்தியம் பாக்குறவங்கதான் சொல்லணும். தெரியும்ல?"

"நான் சொல்லமாட்டேன்."

"சொல்லாம எப்படிக் கூட்டிட்டு வருவீங்க?"

"தெரியல மேடம்."

டாக்டர் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எழுந்து கதவுவரை போனவர் நின்று, "வந்தாங்கன்னா வரிசைல நிக்கவைக்காதீங்க. நேரா எங்கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரைப் பற்றி அன்று டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். ஒரே பெண்ணைக் கணக்கிலிருந்து அடித்ததும் அவர்தான், வரிசையில் முன்னால் இடம் வைத்ததும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை.

நானும் லீவு போட்டேன். ஒரு பெண்ணோடு மட்டும் பஸ் ஏறிப் போனால் தெரு என்ன சொல்லும் என்று மில்காரர் தயங்குவார், அதனால் நான் வரவேண்டும் என்றார் அக்கா. மில்காரரை எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்று எனக்குத் தெரியாது. "நான் வாயத் தெறக்கமாட்டேண்ணே, நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மறுநாள் மில்காரர் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி வந்திருந்தார். காது மடிப்பில் மட்டும் மாவு போகவில்லை.

பஸ்ஸில் அவர் எங்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. வாடிப்பட்டி வரும்வரை அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தங்கை வீடு வாடிப்பட்டியிலிருந்து இன்னொரு டவுன் பஸ் பிடித்துப் போகும் ஊரில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. வீட்டுக்கு முன்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையை அவர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒடிசலான, கறுத்த, கலகலப்பான பெண். சிரித்தபடி எழுந்தார்.

"வாண்ணே, என்ன காலங்காத்தால? மதினி சொகமா? இவுக யாரு?"

"மில்லுக்கு வாரவக" என்றார் அண்ணன்.

"மில்லுக்கு வாரவகள எல்லாம் ஊருக்குக் கூட்டிட்டு வாரியே, நல்ல யாவாரந்தான்" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குப் பாய் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். மறுபடி வெற்றிலைக்குப் போனார். ஈரத்துணியால் துடைத்து, காம்பைச் சமம்பண்ணி, அடுக்கின்மேல் அடுக்கு. வலது கை வேகமாகவும் இடது கை கொஞ்சம் மெதுவாகவும் போயிற்று. கட்டி இருந்தது இடப்பக்கம். அதை அக்காவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அண்ணன் பேச வாயெடுத்தார். மாடு கன்று போட்டதா என்று கேட்டார். மறுபடி வாயெடுத்தார். வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டார். செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தார். அங்கே மில் ஓடவில்லை. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது கேட்டது. அவ்வளவு அமைதியில் அவருக்குப் பேச வரவில்லை.

தங்கை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஏண்ணே, எனக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட ஆளனுப்பிக் கேப்ப. இந்தக் கட்டியப் பத்தி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலருந்து ஒருதரம் கேக்கல. பெருசாச்சா, வலிக்குதா, ஒண்ணும் கேக்கல. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"என்னத்த?"

"நீ சொல்ல மாட்டாம முழிக்கிறத."

அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தங்கை அடுக்கை நிறுத்தவில்லை.

"அழுகாத. நானும் வாயத் தெறக்கலதான. பயலுக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் படுத்துட்டாள்னா யாரு பொண்ணு தருவா? ஆவணி வரைக்கும் எப்படியும் நிப்பேன்னு கட்டியோட பேசிக்கிட்டிருந்தேன்." பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க மில்லுக்கு வாரவக இல்ல."

"இல்ல. ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா உங்களப் பாக்கணும்னாங்க. என்ன ஏதுன்னு அவங்கதான் சொல்லணும். கூட்டிட்டுப் போறது மட்டும்தான் எம்பொறுப்பு."

"கேன்சருதான?"

அக்கா சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் பார்வையை விலக்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வீடுகளில் அப்படி உட்கார்ந்து பழகியவர் அவர். நான் அந்த ஒரு தடவைக்கே தரையைப் பார்த்துக்கொண்டேன்.

தங்கை மிச்ச வெற்றிலையை ஈரச்சாக்குப் போட்டு மூடினார். பக்கத்து வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு, ஒரு சேலையை மடித்துக்கொண்டு வந்தார்.

"வாரேன். ஆனா ஆஸ்பத்திரிக்கு முந்திக் கோச்சடைக்குப் போகணும். மதினிகிட்ட நானே சொல்லணும். ஒளிச்சு வச்சுப் பொண்ணு எடுக்கமாட்டேன்."

"வேணாம் தாயி, அவ கல்யாணத்தையே நிறுத்திருவா" என்றார் அண்ணன்.

"நிறுத்துனா நிறுத்தட்டும். உசிரோட இருந்தா வேற பொண்ணு பாத்துக்கிருவேன்."

திரும்பும்போதும் அண்ணன் முன்னிருக்கைக்குப் போய்விட்டார். தங்கை ஜன்னல் வழியே யார் வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். உயிரையும் மகன் கல்யாணத்தையும் பணயம் வைத்துவிட்டு வரும் ஒருவர் நாற்றைப் பற்றிப் பேசமுடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

கோச்சடையில் மதியம், மில் ஓடவில்லை. தங்கை நேராகப் பின்கட்டுக்குப் போனார். நாங்கள் மூவரும் சாக்குமூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். உள்ளே பேச்சு தாழ்ந்த குரலில் கேட்டது, பிறகு நின்றது. மில்காரரின் கை சுவிட்சை நோக்கிப் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் கோபம்தான் முன்னால் நின்றது.

"ஏய்யா, இம்புட்டு நாளா மில்லச் சும்மா ஓடவிட்டுக்கிட்டு என்னத்தக் குசுகுசுக்கிறேன்னு இப்பத்தான வெளங்குது! நான், நீ எங்கயோ சீட்டுக் கட்டி ஏமாந்துட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"இல்ல, உனக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா? பொண்ணு குடுப்பியான்னு எங்கிட்டக் கேட்டியா? நீயாவே கேட்டு, நீயாவே பதில் சொல்லிக்கிட்டியா? மூணு பிள்ளப்பேத்துக்கும் எனக்குத் துணி அலசினவ அவ. எங்காத்தா வரல, அவதான் வந்தா. அவ மகனுக்குக் குடுக்காம எவனுக்குக் குடுக்கப்போறேன்?"

பிறகு குரல் சட்டென்று இறங்கியது. அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாயி, இது தொத்துமா? நாளைக்கு எம்பேரப்பிள்ளைகளுக்கு வருமா?"

"தொத்தாது. மத்தத டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அக்கா. பயமில்லை என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சரி, கல்யாணம் தைக்குப் போகட்டும். மொதல்ல ஆஸ்பத்திரி."

"ஆடில போயி ஆப்பரேசனா?" என்றார் மில்காரர்.

"ஆடில வெதைக்கிறீகள்ல? பெறகென்ன?"

மறுநாள் டாக்டர் அந்தத் தங்கையைத் தன் அறையில் உட்காரவைத்து, அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே மதினி மட்டும் கூட இருந்தார். பெஞ்சில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்து, "இம்புட்டு நேரமா என்ன சார் சொல்லுவாக?" என்று கேட்டார். முன்பு அதே பெஞ்சில் தங்கையும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

ஆடி முடிவதற்குள் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். பிறகு 'கரண்ட் வைப்பது' என்று சனங்கள் சொல்லும் கதிர்வீச்சு. அதற்குத் தினமும் வரவேண்டும். தங்கை கோச்சடையிலேயே தங்கினார். அண்ணன் தன் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் கூடாது என்று நடந்து போகிறவர்கள் தாண்டிப் போகும் வேகத்தில் ஓட்டுவார். காத்திருக்கும் நேரத்தில் எங்கள் அறை வாசலில் நிற்பார். "உங்க மில்லு மாவுல சப்பாத்தி போட்டேண்ணே. பசை மாதிரிக் கல்லுல ஒட்டிக்கிச்சு. சுவத்துல போஸ்டர்தான் ஒட்டணும்" என்பார் அக்கா. அவர் வெட்கத்தோடு சிரிப்பார். மில்லை அந்த மாதங்களில் மனைவிதான் ஓட்டினார்.

தையில் கல்யாணம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். மருந்தில் முடி கொட்டி, தலைக்கு முக்காடு போட்டு, மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு உறவுக்காரி, தலைக்கு என்ன ஆச்சு என்று பெண்ணின் தாயாரிடம் காதோடு கேட்டாள். அவர் காதோடு பதில் சொல்லவில்லை. "கேன்சருக்கு மருந்து ஏத்துனாக, முடி கொட்டிருச்சு. மொளைச்சிரும். நீ போயிச் சாப்புடு."

அந்த வருடக் கணக்கை முடிக்கும்போது, அவர் பல மாதங்கள் கோச்சடையில் தங்கியிருக்கிறார், சேர்க்கலாமே என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். நன்றாக முடிந்த ஒன்று எங்கள் புத்தகத்தில் இருக்கட்டும் என்ற ஆசைதான்.

"நோய் தெரிஞ்சப்ப எங்க குடியிருந்தாங்க?" என்றார் டாக்டர்.

"வாடிப்பட்டிப் பக்கம்."

"அப்ப இல்ல."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லதுக்குப் பொய் சொன்னவர ஆடி மாசத்துல பாத்தோம்ல சார். நமக்கு வேணாம்."

எல்லோரும் இப்படித் திரும்பி வரவில்லை. அக்கா லீவு போட்டுப் போய்க் கூட்டிவந்தவர்களில் பலர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் அவர் பதினாறு கழித்து, செவ்வாய் வெள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, மஞ்சள் பையோடு போய் உட்கார்ந்தார். அந்த வீடுகளில் தண்ணீருக்குப் பதில் சாப்பாடே போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, இறந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். அறைக்கு வந்ததும் அன்றைக்கு யாரிடமும் பேசமாட்டார். மறுநாள் சரியாகிவிடுவார். மதுரையில் ஓர் ஆண்டின் இறப்பு விகிதம் இவ்வளவு என்று புத்தகத்தில் ஒரு சின்ன எண் அச்சாகிறதே, அதில் ஒவ்வொரு உயிரும் அவர் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டு வந்தது. அதற்குப் பிறகு எந்த ஊர்ப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், இதற்காக யார் போய் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணாமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஆண்டு எனக்குத் தெரியும், ஆனால் அது இங்கே முக்கியமில்லை, ஒரு நாள் மில்காரர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அழைப்புப் பத்திரிகைகள். தங்கை மகனின் பிள்ளைக்கு, அதாவது அவருடைய மகள்வழிப் பேரனுக்கு, மொட்டையடித்துக் காதுகுத்து. ஊர்க் கோயிலில் கறிச்சோறு.

டாக்டரால் வர முடியவில்லை. அக்காவும் நானும் போனோம். வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அந்தத் தங்கை, இப்போது பாட்டி, தலைமுடி அடர்ந்து நரைத்தவர், இடது கையில் சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாறிக்கொண்டு வந்தார். அறுவைச் சிகிச்சை செய்த பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். தங்கை கூடையை உடனே வலது கைக்கு மாற்றிக்கொண்டு நாக்கைக் கடித்தார்.

எங்களுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இவுக யாரு ஆத்தா? நம்ம பக்கத்து ஆளுகளாத் தெரியலயே?" என்று கேட்டார்.

"மில்லுக்கு வாரவக" என்றார் அண்ணன், பழக்கதோஷத்தில்.

"மில்லுக்கு வாரவக இல்ல" என்றார் தங்கை, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "மதுரைல எத்தன பேருக்குக் கேன்சரு வந்துச்சு, எத்தன பேரு செத்தாகன்னு கணக்கு எழுதுறவக."

பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தி எங்களைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "அப்ப நீ எதுல ஆத்தா இருக்க?"

"நானா? ரெண்டுலயும் இல்ல" என்று சொல்லி, அக்காவின் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார்.

"போதும் தாயி" என்றார் அக்கா.

"எம்புட்டுப் போதும்னு நான் சொல்றேன். இது எங்க ஊரு, இங்க ஒங்க கணக்கு செல்லாது. சாப்புடுங்க."